கவிழ்த்தும் விழாத தண்ணீர்

அறிவரசன் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் வாயில் விழாது. வேற்றாள் ஒருவர் தாகத்தோடு வந்து, முதலில் அவன் கையால் வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவனுக்கு விழும். மலாவி நாட்டில் ஊழியம் முடித்து 2019 தை மாதம் வல்லக்குடிக்காட்டுக்குத் திரும்பியபோது அவன் கொண்டுவந்த சாமான்களில் இதுவும் ஒன்று. மற்றவை ஒரு கம்பளி, மரக் கரண்டிகள், மனைவி ஜோதிக்குப் பூப்போட்ட துணி. காபி, மோர், இளநீர் எல்லாவற்றுக்கும் இதே நடைமுறைதான். சோறு தடையில்லாமல் இறங்கும். ரசம் கரண்டியிலேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அங்கேயே தங்கிவிடும்.

அவனை அனுப்பியது பெரம்பலூரில் இருக்கும் ஏழு குத்துவிளக்கு ஜெபவீடு. அதன் பாஸ்டர் வீரமணிக்கு நெடுநாளாக ஒரு பாரம் இருந்தது. பக்கத்துத் தெருச் சபைக்காரர்கள் ஒடிசாவுக்கு ஒரு மிஷனரியை அனுப்பி, அவர் படத்தை வாசலில் பெரிதாக மாட்டியிருந்தார்கள். அழியும் ஆத்துமாக்களுக்கான பாரம் என்றுதான் பாஸ்டர் சொல்லுவார்; ஆனால் அந்தப் படத்தைக் கடக்கும்போது அது கூடுதலாக அழுத்தியது. நம் சபை கடல் தாண்டி அனுப்ப வேண்டும் என்று உபவாச ஜெபம் வைத்தார்கள். கடல் தாண்ட டிக்கெட் வேண்டும். அந்தச் சமயத்தில்தான், போர்வெல் கம்பெனி ஒன்று தன் ரிக் வண்டியை மலாவிக்குக் கப்பலேற்றுவதும், அதை இயக்கத் தெரிந்த, சபைக்கு வந்துபோகும் அறிவரசனை விமானத்தில் அனுப்புவதும் பாஸ்டர் காதுக்கு எட்டின. கர்த்தர் வழியைத் திறந்தார். டிக்கெட்டைக் கம்பெனி எடுத்தது. அறிவரசன் உடையார்பாளையம் பக்கத்து வல்லக்குடிக்காட்டுக் காலனிக்காரன், பத்தாம் வகுப்பில் தேறாதவன், நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னால் ‘ஸ்தோத்திரம்’ என்பதற்கு மேல் வார்த்தை வராது. அவனை மேடையில் முழங்கால்போட வைத்து, தலையில் எண்ணெய் தடவி, பொன்னாடை போர்த்தி, சபையின் முதல் அயல்நாட்டு மிஷனரி என்று ஃப்ளெக்ஸ் அடித்தார்கள்.

“நான் போர் போடத்தானேங்க பாஸ்டர் போறேன்” என்றான் அறிவரசன்.

“பவுலடியாரு கூடாரம் தச்சாரு, நீங்க போர் போடுங்க. கூடவே இதையும் குடுங்க தம்பி” என்று பாஸ்டர் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கைப்பிரதிகளைக் கொடுத்தார். எல்லாம் தமிழில் அச்சடித்தவை. அங்கே தமிழ் தெரியாதே என்று அவன் தலையைச் சொறிந்தான். “ஆவியானவர் மொழிபெயர்த்துக்குவாரு” என்று பாஸ்டர் பெட்டிக்குக் கயிறு கட்டினார்.

மலாவியில் இறங்கியதும் தெரிந்த முதல் செய்தி, அவனுக்கு ஒதுக்கப்பட்ட கிராமத்தில் எல்லோரும் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் என்பது. நேற்று முந்தாநாள் வந்தவர்களும் இல்லை; கொள்ளுப்பாட்டன் காலத்திலிருந்து. அவர்கள் பாட்டு எடுத்தால் நாலு குரலில் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேரும். கேட்கிறவன் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவான். பாட்டுக்காரிகளின் தலைவி எஸ்நாத் என்ற நடுவயதுப் பெண், மாவுருண்டை சுட்டு விற்கிறவள். அங்கே பெண்களை மரியாதையாக அமாயி என்பார்கள். நம்மூர் அம்மாயி மாதிரியே இருந்ததால் அறிவரசனுக்கு அந்த ஒரு சொல் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. எஸ்நாத் அமாயி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அவனிடம், உங்கள் ஊரில் இயேசுவைத் தெரியுமா என்று கேட்டாள். ஏதோ கொஞ்சம் பேருக்குத் தெரியும் என்று அவன் உண்மையைச் சொன்னான். அவள் உச்சுக்கொட்டினாள். அந்த வாரத்திலிருந்து புதன்கிழமைதோறும் அவர்கள் இருளில் கிடக்கும் பெரம்பலூர் மாவட்டத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

இதை வாட்ஸ்அப்பில் கேட்ட பாஸ்டர் வீரமணி குரலைத் தாழ்த்தினார். “இதையெல்லாம் வெளிய சொல்லாதீங்க தம்பி. இங்க ஒங்களுக்காக மொத்த சபையும் ராச்சோறு இல்லாம ஜெபிக்குது. மனசு ஒடஞ்சிருவாங்க” என்றார். ஆகவே சபையில் வாசிக்கும் அறிக்கையை அவரே எழுதிக்கொண்டார். இருளிலிருந்த கிராமம் பெரிய வெளிச்சத்தைக் கண்டது என்று படத்தோடு வந்தது. வெளிச்சம் ரிக் வண்டியின் முன்விளக்கு. தமிழ்க் கைப்பிரதிகள் சந்தையில் வறுகடலை மடிக்க உதவின. ‘நித்திய ஜீவன் எங்கே?’ என்ற தலைப்பில் கடலை நன்றாகப் போனது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிணறோ போரோ, புதிதாக வரும் முதல் தண்ணீரை ஆக தூரத்திலிருந்து வந்திருப்பவர் கையில் கொடுத்த பிறகுதான் ஊர் குடிக்கும். ஒரு கடும் கோடையில், பாறையோடு மல்லுக்கட்டி, துளை போடும் பிட் உடைந்து, மாற்று பிட் வரும்வரை வெறுமனே உட்கார்ந்து, கடைசியில் கம்ப்ரசர் காற்றோடு சேறும் தண்ணீரும் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சியடித்தன. வரிசையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். தண்ணீர் தெளிந்ததும் எஸ்நாத் ஒரு பீங்கான் பூச்சுக் குவளையில் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அறிவரசனை நோக்கி வந்தாள். அவன் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. அவன் போட்ட போர்களை எண்ண ஆரம்பித்தால் ராத்திரியாகிவிடும். நம்மூரில் தண்ணீர் வந்ததும் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வெட்டி, முதலில் சாமிக்கு, பிறகு நிலத்துக்காரருக்கு. ரிக் ஆட்களுக்கு எப்போது வரும், எதில் வரும் என்பது அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. குவளையை வாங்கிக் குடித்தான். இரும்பு வாசனை அடித்தது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். காற்றே இல்லாத நாள் அது.

மறுநாள் காலையில் அவன் பாட்டிலைக் கவிழ்த்தபோது தண்ணீர் விழவில்லை. உதறினான், பிதுக்கினான், உறிஞ்சினான். பாட்டிலுக்குள் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. பதறிப்போய் எஸ்நாத்திடம் ஓடினால், அவள் மாவுருண்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, ஓ, உனக்கும் வந்துவிட்டதா என்றாள். அந்த ஊர் சைக்கிள் ரிப்பேர்க்காரருக்கு இது வந்து பல வருஷமாகிறது. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். நடைமுறையை அவரே சைகையில் விளக்கினார். வழியில் போகிறவர் ஒருவரை நிறுத்தி முதலில் கொடு, பிறகு நீ குடி. அவ்வளவுதான். இது தண்டனையா வரமா என்று அறிவரசன் கேட்டதற்கு அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

அங்கே இதில் ஒரு கஷ்டமும் இல்லை. சந்தைக்குப் போகிற வழி; காலையிலிருந்து ஜனங்கள் சுமையோடு நடந்து வருவார்கள்; யார் கையிலிருந்தும் யாரும் வாங்கிக் குடிப்பார்கள். அறிவரசனுக்கு வந்த சிரமம் வேறு. அதுவரை அவன் மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவன் அல்ல. பார்த்தால் திமிர் என்று சொல்லும் ஊரிலிருந்து போனவன். இப்போது பார்த்தாக வேண்டியிருந்தது. உதடு வெடித்திருக்கிறதா, தொண்டை ஏறி இறங்குகிறதா, கேட்கக் கூச்சப்பட்டுக் கடந்து போகிறாரா என்றெல்லாம் தூரத்திலேயே தெரிய ஆரம்பித்தது. தன் தாகத்துக்காகத்தான் பார்த்தான். பார்க்கப் பார்க்க, எது தன் தாகம் எது அடுத்தவர் தாகம் என்பது கொஞ்சம் குழம்பிப்போனது. சபைக்குப் போனால், தனக்கு வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டியிருக்கும் என்ற நினைப்பு வந்து நின்றது. பாஸ்டர் வீரமணி மாதாமாதம் கேட்பார்: “ஆவிக்குரிய வளர்ச்சி எப்படி இருக்கு தம்பி?” ஒருமுறை அவன் யோசித்து, “ரோட்ட பாக்கக் கத்துக்கிட்டு இருக்கேங்க பாஸ்டர்” என்றான். “அதப் போயி எப்புடி எழுதுறது?” என்று பாஸ்டர் அலுத்துக்கொண்டு, அந்த மாதம் பிசாசு ஓடியதாக எழுதினார்.

ஊர் திரும்பிய பிறகுதான் அறிவரசனுக்குச் சட்டத்தின் மறுபாதி தெரிந்தது. மலாவியில் அவனுக்கு எல்லோருமே வேற்றாள். இங்கே ஜோதிக்கு ஒரு டம்ளர் கொடுத்தான், அவள் குடித்தாள், சொம்பைக் கவிழ்த்தான், விழவில்லை. ஒருவேளை தனக்குத் தாகம் போதவில்லையோ என்று ஜோதி நெத்திலிக் கருவாட்டை வெறும் வாயில் மென்று, வெயிலில் நின்றுவிட்டு வந்து குடித்துப் பார்த்தாள். விழவில்லை. காலனியே கருவாடு தின்றது. ஆளுக்கு ஒரு டம்ளர் அவன் கையால் குடித்து ஏப்பம் விட்டார்கள்; தண்ணீர் அசையவில்லை. தன் வீடும் தன் தெருவும் அதற்குக் கணக்கில் இல்லை. நாக்கு தடித்துப்போய் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஏற்றிய குளுக்கோஸ் பாட்டிலும் சொட்டாமல் நின்றது. டாக்டர் ஊசியை மாற்றினார், கையை மாற்றினார், பாட்டிலை மாற்றினார், கடைசியில் வார்டை மாற்றினார்.

அவன் உயிரைக் காப்பாற்றியவர் கமாலுதீன் பாய். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வண்டியில் நைட்டியும் கோரைப்பாயும் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்க வருகிறவர். அதற்கு முன் சவுதியில் ஒட்டகப் பண்ணையில் இருந்தவர். அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்த வேகத்தில், “ஏம்மா ஜோதி, கொஞ்சம் தண்ணி குடு” என்றார். படுத்திருந்த அறிவரசன் எழுந்து சொம்பை நீட்டினான். அவர் குடித்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்று வாயைத் துடைத்தார். சொம்பில் மிச்சமிருந்தது ஒரு குறையும் சொல்லாமல் அறிவரசன் தொண்டையில் இறங்கியது. விஷயத்தைக் கேட்ட பாய், “அட, இதுக்கு ஏன்ப்பா இப்புடி அழுவுறிங்க? ரோட்டுப் பக்கம் பானைய வைய்யி. தாகம் எடுத்தவன் ஒலகம் பூரா இருக்கான்” என்றார்.

அரியலூர் ரோட்டில் புளியமரத்தடியில் பானை வந்தது. சிமெண்ட் லாரி டிரைவர்கள், கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போகிற வெளியூர்க்காரர்கள், முந்திரி வியாபாரிகள் நின்றார்கள். சில நாள் எல்லோர் கையிலும் பாட்டில் இருக்கும். அப்போது மத்தியானம்வரை காத்திருப்பான். வல்லக்குடிக்காட்டின் ஊர்த்தெருக்காரர்களும் அந்த வழியாகத்தான் வயலுக்குப் போனார்கள். அவர்கள் குடித்தாலும் அறிவரசனுக்கு விழுந்திருக்கும். ஊர்த்தெருவைத் தண்ணீர் வேற்றூராகவே கணக்கு வைத்திருந்தது. ஊர்த்தெருவும் காலங்காலமாக அதைத்தான் சொல்லிவந்தது. பெரிய முந்திரித் தோப்புக்காரர் வைரக்கண்ணு மட்டும் வண்டியை நிறுத்தி, “என்னடா அறிவு, தண்ணி யாவாரமா?” என்பார். “சும்மாத்தாங்க குடுக்குறேன், குடிக்கிறிங்களா?” என்றால், “இப்பத்தான் காபி குடிச்சேன்” என்று கிளம்புவார். விடிந்ததிலிருந்து பொழுதுபோகும்வரை எப்போது கேட்டாலும் அவர் இப்போதுதான் காபி குடித்திருப்பார்.

வைகாசியில் பாஸ்டர் வீரமணி பெரம்பலூரில் மூன்று நாள் கன்வென்ஷன் வைத்தார். ‘ஆப்பிரிக்க இருளிலிருந்து அற்புதத்தோடு திரும்பிய மிஷனரி! கவிழ்த்தும் விழாத தண்ணீர்!’ என்று போஸ்டர் ஒட்டினார்கள். முதல் நாள் அறிவரசன் மேடையில் சொம்பைக் கவிழ்த்துத் தூக்கிப் பிடிக்க, பந்தல் அல்லேலூயாவில் அதிர்ந்தது. ஆனால் அதற்கு ஒரு முன்னேற்பாடு இருந்தது. அறிவரசன் யாருக்காவது தண்ணீர் கொடுத்துவிட்டால் சொம்பு சாதாரணச் சொம்பாகிவிடும்; காணிக்கைப் பை வெறும் பையாகிவிடும். ஆகவே அற்புதம் முடிகிறவரை அவன் யாருக்கும் கொடுக்கக் கூடாது, அவனும் குடிக்கக் கூடாது என்று பாஸ்டர் ஆள் போட்டுக் காவல் வைத்தார். தாகமுள்ளவர்களே வாருங்கள் என்ற வசனத்தைப் பின்னால் பெரிதாக எழுதியிருந்தார்கள். அதன் கீழே இரண்டு நாள் அவன் நாக்கு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள், முன்வரிசையில் மருதாயி என்ற பூக்காரி வெயிலில் மயங்கிச் சரிந்தாள். பாஸ்டர் மேடையிலிருந்து, “ஆவியானவர் அசைவாடுகிறார்! யாரும் தொடாதீங்க!” என்றார். அறிவரசனுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் அசைவாடுவது யார் என்று தெரிந்துவிட்டது. காவல்காரரைத் தள்ளிக்கொண்டு இறங்கி, அவள் தலையை மடியில் தூக்கி வைத்து, அற்புதத்துக்கு வைத்திருந்த சொம்பை அவள் வாயில் சாய்த்தான். அவள் குடித்தாள். பிறகு ஆயிரம் பேர் பார்த்திருக்க அவன் குடித்தான். மடக் மடக்கென்று அது இறங்கிய சத்தம் அவன் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் கேட்டது. ஜனங்களுக்குப் பெரிய ஏமாற்றம். “இது என்ன, எங்க வூட்டு சொம்புலயுந்தான் இப்புடி ஊத்துது” என்று ஒருவர் எழுந்து போனார். பாஸ்டர் அவனைத் தனியே அழைத்து, பெருமை என்னும் ஆவிக்கு இடம் கொடுத்துவிட்டாய் என்றார். அடுத்த வாரம் ஃப்ளெக்ஸ் இறங்கியது. ஜெபவீட்டின் பின்பக்கத்தில் மழை ஒழுகும் இடத்துக்கு அதைத்தான் போட்டார்கள். அறிவரசன் முகம் இருந்த பக்கம் ஒழுகவில்லை என்று சொல்கிறார்கள்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. லாரி இல்லை, பஸ் இல்லை, கமாலுதீன் பாய் தெருவைவிட்டு வெளியே வர முடியவில்லை. புளியமரத்தடி ரோட்டில் ஆடு படுத்துத் தூங்கியது. ஆளுக்கு ஆள் தள்ளி நிற்க வேண்டும் என்று தண்டோரா போட்டபோது ஊர்த்தெருவில் யாருக்கும் சிரமமாக இல்லை. காலனியிலிருந்து தள்ளி நிற்பதில் அவர்களுக்குத் தலைமுறைப் பயிற்சி இருந்தது. ஒரு பகல் போயிற்று. மறுநாள் அறிவரசனுக்கு எச்சில் ஊறவில்லை. பேச்சு குழறியது. ஜோதி பாஸ்டரைக் கூப்பிட்டாள். அவர் வருந்தி, வீடியோ காலில் வந்து, அறிவரசன் இங்கே சொம்பை நீட்ட, தான் அங்கே பெரம்பலூரில் ஒரு டம்ளர் தண்ணீரை விசுவாசத்தோடு குடித்துக் காட்டினார். தண்ணீர் ஏமாறவில்லை. “நெட்வொர்க் சரியில்லைம்மா” என்றார் பாஸ்டர்.

ஜோதி ஊர்த்தெருவுக்குப் போனாள். கேட் கேட்டாக நின்று, ஒரு வாய் வந்து குடித்துவிட்டுப் போங்கள் என்று கும்பிட்டாள். “தண்ணி குடுங்கன்னு வந்தவங்களப் பாத்துருக்கோம். தண்ணி குடிங்கன்னு வந்தவள இப்பத்தான் பாக்குறோம்” என்று ஒரு வீட்டில் சிரித்தார்கள். வைரக்கண்ணு முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“கொரோனாம்மா. இல்லாட்டி வந்திருக்க மாட்டனா?”

“கொரோனா வர்றதுக்கு முந்தி எத்தன வாட்டிங்க வந்திங்க?” என்றாள் ஜோதி.

அவர் உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவி பஞ்சவர்ணம் ஜன்னலுக்குப் பின்னால் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்தது நின்று, மறுபடி ஆரம்பித்தது.

தோப்பில் முந்திரிக்கொட்டை உதிர்ந்து கிடந்தது. பொறுக்க ஆள் வரவில்லை. அன்று பஞ்சவர்ணமே கூடையை எடுத்துக்கொண்டு போனாள். எப்போதும் கூடவே போகும் தண்ணீர் பாட்டில் அன்று அடுப்படியிலேயே இருந்துவிட்டது. மறந்துவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். உச்சி வெயில்வரை குனிந்து பொறுக்கி, கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகு, வீட்டுக்கு நேர்வழி இருக்க, புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அறிவரசன் மரத்தடியில் கிடந்தான். ஜோதி அவன் உதட்டில் ஈரத்துணியை வைத்தால் துணி மட்டும் ஈரமாக இருந்தது, உதடு காய்ந்தே இருந்தது.

“யாரும் பாக்கலியே?” என்றாள் பஞ்சவர்ணம்.

“காக்கா பாக்குதுங்க” என்றாள் ஜோதி.

பஞ்சவர்ணம் கூடையை இறக்கினாள். ஜோதி தாங்கிப் பிடிக்க, அறிவரசன் சொம்பை எடுத்தான். சொம்பில் வாய் படக்கூடாது என்று பஞ்சவர்ணம் குனிந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். அவன் மேலே நின்று ஊற்றினான். அந்த ஊரில் குனிந்து கையேந்திக் குடிப்பது எந்தத் தெரு, நிமிர்ந்து நின்று ஊற்றுவது எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்சவர்ணத்துக்கு அது பாதி குடித்த பிறகு உறைத்தது. அதற்குள் தாகம் பெரிதாகிவிட்டதால் மீதியையும் குடித்தாள். தண்ணீர் ரொம்பக் கறார் பேர்வழி இல்லை. உதட்டை வைத்தாளா, கையில் வாங்கினாளா, மனசார வந்தாளா, பயந்து பயந்து வந்தாளா என்று கேட்கவில்லை. வந்தாள், தாகமாக இருந்தாள், குடித்தாள். போதும் என்று அறிவரசனுக்கு விழுந்தது. அவன் குடித்த குடியைப் பார்த்து பஞ்சவர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “மெதுவா, மெதுவா. பொரையேறிரும்பா” என்றாள். ‘டா’ வருகிற இடத்தில் ‘பா’ வந்ததை அவள் கவனிக்கவில்லை. ஜோதி கவனித்தாள்.

மறுநாள் ஆட்டைத் தேடுகிறேன் என்று வந்தாள். அவர்கள் வீட்டில் ஆடு கிடையாது. அதற்கடுத்த நாள் கையில் வாங்கினால் பாதி சிந்துகிறது என்று சொம்பையே வாங்கிக் குடித்தாள். சித்திரை பிறந்து சில நாளில், பஞ்சவர்ணம் விடிகாலையில் காபி டம்ளரைச் சாய்த்தபோது காபி வரவில்லை.

வைரக்கண்ணு செய்யாத வைத்தியம் இல்லை. திருநீறு போட்டார், எலுமிச்சை சுற்றினார், டாக்டரைப் போனில் கேட்டார், புனல் வைத்து ஊற்றினார், புனலிலேயே நின்றது. ஊர்த்தெருவே வந்து பஞ்சவர்ணம் கையால் காபி குடித்துவிட்டுப் போனது, பயனில்லை. அவளுக்கு நடைமுறை தெரியும். சொல்லத்தான் தைரியம் வரவில்லை. நாக்கு ஒட்டத் தொடங்கியதும் தைரியம் வந்தது. வைரக்கண்ணு உச்சி வெயிலில் காலனிக்குள் நடந்தார். அவருக்கு அந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்று தெரியவில்லை. ஒரு முட்டுச்சந்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பினார். “யாராச்சும் எங்க வூட்டுக்குத் தண்ணி குடிக்க வாங்கப்பா” என்றார். கேலி செய்கிறாரோ என்று யாரும் அசையவில்லை.

ஜோதி வாசலுக்கு வந்தாள். சிரித்தவர்கள் முகமெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போதுதான் காபி குடித்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததாக அவளே பிறகு ஒத்துக்கொண்டாள். உள்ளே படுத்திருந்த அறிவரசன், “வெயிலா இருக்கு, சீக்கிரம் போ” என்றான். அவ்வளவுதான் சொன்னான். சபைகள் தேடும் ஆவிக்குரிய வளர்ச்சி அந்த ஒரு வரியில்தான் இருந்தது. அங்கே குறித்துக்கொள்ள யாரும் இல்லை.

“எந்த டம்ளருலங்க?” என்றாள் ஜோதி.

வைரக்கண்ணு முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். “உள்ளாற இருக்குற டம்ளருதாம்மா. நாங்க குடிக்கிறது” என்றார்.

ஜோதி போனாள். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, பஞ்சவர்ணம் கையால் வாங்கி, உதட்டை வைத்து, ரொம்ப நிதானமாகக் குடித்தாள். கொஞ்சம் வேகமாகவே குடித்திருக்கலாம். ஆனால் அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பிறகு பஞ்சவர்ணத்துக்கு விழுந்தது.

அதற்குப் பிறகு அது வீடு வீடாகப் போனது. ஊர்த்தெருவில் பாதிப் பேருக்கு வந்தது, காலனியிலும் வந்தது. அன்பினால் என்று சொன்னால் பொய்யாகிவிடும், தாகத்தினால்தான். கர்த்தருக்கு, இருப்பதை வைத்துக்கொண்டு வேலை செய்து பழக்கம். காலையில் இரண்டு தெருக்காரர்களும் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். சில வீடுகளில் திட்டிக்கொண்டேதான் கொடுக்கிறார்கள். திட்டுவது தண்ணீருக்குப் பரவாயில்லை. பாஸ்டர் வீரமணி ‘வல்லக்குடிக்காட்டு எழுப்புதல்’ என்று ஒரு மணி நேரம் யூடியூபில் பேசினார். அரசியல் கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பானையில் மட்டும் தண்ணீர் இல்லை.

கடைசியாக வந்தது வைரக்கண்ணுவுக்கு. அதற்குள் ஊரடங்கு விலகியிருந்தது; அன்று திருவிழாவுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். புளியமரத்தடியில் அவரும் அறிவரசனும் மட்டும். இவர் குடித்தால்தான் அவனுக்கு விழும், அவன் குடித்தால்தான் இவருக்கு விழும். யார் முதலில் என்று இருவரும் வெகுநேரம் ரோட்டைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. “சரி, எந்திரிப்பா” என்றார் வைரக்கண்ணு. இருவரும் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு சொம்பை எடுத்து, இவர் அவன் வாயிலும் அவன் இவர் வாயிலும் ஒரே நேரத்தில் சாய்த்தார்கள். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு இரண்டு பக்கமும் விழுந்தது.

இப்போது அவர்களுக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது. பதினோரு மணிக்கு உடையார்பாளையம் போகும் டவுன் பஸ்ஸின் இடப்பக்க ஜன்னலிலிருந்து பார்க்கலாம்: புளியமரத்தடியில் இரண்டு பேர் தலையை அண்ணாந்து, கல்யாண வீட்டில் பால் பழம் கொடுப்பது போல ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டு நிற்பார்கள். புதிதாக வருகிறவர்கள் எழுந்து எட்டிப் பார்ப்பதுண்டு.

“உக்காருங்க சார்,” என்பார் கண்டக்டர், “தண்ணி குடிக்கிறாங்க.”